மார்ஷல் கை நனைத்த வீடு

அமெரிக்க வரலாறு படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் ஆசை வந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் உட்காருவதற்கு ஓர் இடம். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வீடு போன பிறகு பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தினார்கள். எங்களைப் போன்ற சொற்ப வருமானக்காரருக்கு இலவசம். தையல் வகுப்பில் இடம் முடிந்துவிட்டது. கேக்குக்கு ஐசிங் போடும் வகுப்பிலும் இடமில்லை. அமெரிக்க வரலாற்றில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது என்றாள் பெயர் பதிந்த பெண். அந்த அறையில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டேன். செய்கிறது என்றாள். பதிந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. விடியுமுன் அலுவலகங்களில் கிளீனிங், மதியம் ஒரு பள்ளிக் கன்டீனில் தட்டுக் கழுவல். இரண்டும் நின்று செய்யும் வேலை. கணவருக்கு ரொட்டி சுடும் பாண் பேக்டரியில் இரவு ஷிப்ட். அவர் உள்ளே வரும் நேரமும் நான் வெளியே போகும் நேரமும் ஒன்று. எங்கள் கலியாண வாழ்க்கையில் பாதி அந்த வாசலில்தான் நடந்தது. கோபமோ சந்தோஷமோ பக்தியோ எது வரப் பார்த்தாலும், அதை முந்திக்கொண்டு எனக்கு அலுப்பு வந்து நிற்கும்.

வீட்டில் மூன்றாவது ஆள் கணவரின் தம்பி. நானும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் வந்து, ஹீத்ரோவில் இறங்கி, அகதி என்று சொன்னவன். விண்ணப்பத்தை மறுத்தார்கள். அப்பீலும் தோற்றது. கடைசி முயற்சியாக எங்கள் சட்டத்தரணி, தொகுதி எம்.பி.யைக் கொண்டு மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதுவித்திருந்தார். பதில் நல்லதாக வந்தால் தம்பி இருப்பான். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒரு பதிலைப் பார்த்துத்தான் வீடு முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை. அதனால் சமையல் அவனுடையது, உடுப்புத் தோய்ப்பதும் அவனுடையது. குளிருக்கு ஒரு கோட் வாங்குவோம் என்றால் கேட்க மாட்டான்.

"விஷயம் முடியட்டும் அண்ணி. இருக்கிறனோ போறனோ தெரியாமல் கோட் என்னத்துக்கு?" என்பான்.

அண்ணனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தான். கோட்டின் கைகள் அவனுக்கு நீளம். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்.

இனி வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலேயர். புத்தகத்தைப் பார்த்துப் பாடம் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பழைய கடிதங்களைப் போட்டோகொப்பி எடுத்து வந்து, நாடகம் போல எங்களைக் கொண்டே வாசிக்க வைப்பார். அந்தத் தவணைக்கு அவர் கொண்டுவந்தது ஒரு ஜனாதிபதியும் ஒரு மார்ஷலும் எழுதிக்கொண்ட கடிதங்கள்.

மார்ஷல் என்றால் யார் என்பதை அவர் முதலில் விளக்கினார். அமெரிக்கா தனி நாடாகி அதிக காலம் ஆகவில்லை. மாவட்டத்துக்கு ஒரு மார்ஷலை ஜனாதிபதி நியமிப்பார். நீதிமன்றத்தின் பிடியாணையோ அரசாங்கத்தின் உத்தரவோ, எதுவானாலும் உரிய ஆளின் வாசல்வரை கொண்டுபோக வேண்டியவர் அந்த மார்ஷல். பிறகு இங்கிலாந்தோடு சண்டை மூண்டது. கடலோர ஊர்களில் குடியிருந்த ஆங்கிலேயர்கள் அந்நியர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களைப் பதிந்து, கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு அனுப்பும் வேலை மார்ஷலின் தலையில் விழுந்தது.

"ஆங்கிலேயரையா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

ஆசிரியர் சிரித்தார். அந்நியர் என்று பெயர் பதிய வரிசையில் நிற்கும் ஆங்கிலேயரை நினைத்துப் பார்த்ததில், கொஞ்ச நேரம் எனக்கு அலுப்பே போய்விட்டது.

ஜனாதிபதியின் கடிதங்களை வாசிக்கும் பொறுப்பு, ஜமெய்க்காவிலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஜனாதிபதிக்கு ஏற்ற கனத்த குரல். மார்ஷலை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் வாசித்து முடித்ததும், "உங்கள் குரலில் நல்ல களைப்பு இருக்கிறது, மார்ஷல் இப்படித்தான் பேசியிருப்பார்" என்றார் ஆசிரியர். ஊரில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல் அது. லண்டனில் அதற்குக் கிடைத்த முதல் பாராட்டு இப்படி அமைந்தது.

கடிதத்தின் விஷயம் இதுதான். துறைமுக ஊர் ஒன்றில் ஓர் ஆங்கிலேயர், கப்பலுக்குப் பாய் தைக்கிறவர். மனைவி அந்த ஊர்க்காரி. அவரை உள்நாட்டுக்கு அனுப்பும் உத்தரவோடு மார்ஷல் போயிருக்கிறார். போன நேரம் அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். மார்ஷல் உட்கார்ந்து மீனும் ரொட்டியும் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு உத்தரவைக் கோட் பையிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கடல் இல்லாத இடத்தில் இந்த மனிதர் எதற்குப் பாய் தைப்பது, இவரை விட்டுவிடலாமா என்று ஜனாதிபதியைக் கேட்டு எழுதியிருந்தார்.

ஜனாதிபதியின் பதிலைப் பஸ் ஓட்டியவர் அழகாக வாசித்தார். மார்ஷலின் உடல்நலம் விசாரித்திருந்தது. மழை விளைச்சலுக்கு நல்லது என்றிருந்தது. மார்ஷல் இரக்கத்தோடும், அதேவேளை கடமை தவறாமலும் நடந்துகொள்வார் என்பதில் தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்று முடிந்திருந்தது. விடு என்றும் இல்லை, பிடி என்றும் இல்லை. மார்ஷல் மறுபடி எழுதினார். மறுபடியும் அதே நம்பிக்கை வந்து சேர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, கணவர் ஷிப்டுக்குப் போகுமுன் மூன்று பேருமாகச் சாப்பிட்டபோது இந்தக் கதையைச் சொன்னேன். சீரியல் பார்த்த மாதிரி இருவரும் கேட்டார்கள்.

"அவன் இனி ஒண்டும் செய்ய ஏலாது," என்றார் கணவர். "அந்த வீட்டில கை நனைச்சிட்டான் எல்லோ."

கை நனைப்பது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விஷயமல்ல. மனக்கசப்பு உள்ள வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பி வருவார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால், பிறகு அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்வது மனிதத்தனம் அல்ல. என் கணவர் இதில் பெரிய பிடிவாதக்காரர். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூடத் தேத்தண்ணி குடிக்காமல் போக விடமாட்டார்.

"அமெரிக்கனுக்கு உது தெரியுமே அண்ணை?" என்று தம்பி கேட்டான்.

"மனுசனுக்குத் தெரியும்," என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பு நாளும் நான் சப்பாத்தைக் கழற்றுமுன்பே தம்பி கேட்பான், "அண்ணி, உங்கட மார்ஷல் என்ன செய்தவர்?" கடைசிக் கடிதத்தை ஆசிரியர் எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார். மார்ஷல் என்ன செய்திருப்பார் என்று நாங்களே யோசித்து வர வேண்டுமாம். தம்பி இரண்டு பக்கமும் வாதாடுவான். ஒரு நாள் மார்ஷல் விட்டிருப்பார் என்பான், அடுத்த நாள் அவருக்கும் பெண்சாதி பிள்ளை இருக்குந்தானே என்பான். அவன் எதைப் பற்றி யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போலச் சோற்றைப் போட்டேன்.

அடுத்த வகுப்புக்குக் கடைசிக் கடிதம் வரும் என்று ஆசிரியர் சொன்ன அந்த வாரத்தில் சரஸ்வதி பூசை வந்தது. வெள்ளிக்கிழமை. நான் இரண்டு வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு, உழுந்து அரைத்து வடை சுட்டேன். தம்பி புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினான். வீட்டில் இருந்தவை ஓர் அகராதி, டெலிபோன் டைரக்டரி, வகுப்பில் தந்த என் கடிதக் கட்டு. டைரக்டரி வேண்டாம் என்றேன். கடிதக் கட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

"இனி நாளைக்குத்தான் மார்ஷலைத் தொடலாம்," என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பூவும் பாலும் வாங்கக் கடைக்குப் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நான் அடுப்படியில் நின்றேன். கணவர்தான் கதவைத் திறந்தார். இமிகிரேஷன் அதிகாரி ஒருவர், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். உங்கள் தம்பி இங்கேயா இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எண்ணெய்க் கையோடு வெளியே வருவதற்குள் என் கணவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். ஓம், இங்கேதான் இருக்கிறான், கடைக்குப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான், உள்ளே வாருங்கள், வெளியில் குளிர் என்று.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். வாசலில் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, ஒருவரும் சொல்லாமலே தன்னுடையதைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. சோபாவில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும், இவரும் விடியுமுன் எழும்பியவர் என்று எனக்கு விளங்கிவிட்டது. பொலிஸ்காரர் சப்பாத்தைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. வாசலோடு நின்றார்.

கணவர் அடுப்படிக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, "வடையைக் கொண்டா," என்றார்.

"இன்னும் படைக்கேல்லையப்பா."

"சரஸ்வதி கோவிக்க மாட்டா. அந்தாள் முதல்ல கை நனைக்கட்டும்."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் வெளிறிப் போயிருந்தது. வெறும் உபசாரத்துக்கு அவர் கேட்கவில்லை. என்னுடைய மார்ஷல் கதையை அவர் இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

சாமிக்குப் படைக்காத வடையை ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தேன். தேநீரும் கொடுத்தேன். அதிகாரி இரண்டு வடை சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது, இதில் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பார்த்தாயா என்பது போல. பொலிஸ்காரருக்கும் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். எனக்குப் பயம் அவரைப் பார்த்துத்தான்.

படத்தின் முன் குங்குமப் பொட்டோடு இருந்த தாள்களை அதிகாரி பார்த்துவிட்டு, அவை என்ன என்று கேட்டார். ஒரு ஜனாதிபதியும் ஒரு மார்ஷலும் எழுதிய கடிதங்கள் என்றேன். எதைப் பற்றி என்றார். ஓர் ஆங்கிலேயரை அவர் வீட்டிலிருந்து அனுப்புவது பற்றி என்றேன்.

"பாவம், அந்த மனுஷன்," என்றார்.

"யார்? ஆங்கிலேயரா?"

"மார்ஷல்," என்றார் அவர்.

வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தம்பி ஒரு கையில் பாலும் ஒரு கையில் பூவுமாக உள்ளே வந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது வாசலில் கழற்றி வைத்திருந்த, எங்களுடையது அல்லாத சப்பாத்து. பிறகுதான் நிமிர்ந்து பொலிஸ்காரரைப் பார்த்தான்.

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கை துடைத்தார். வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டு, லேஸைக் கட்டினார். அதன் பிறகுதான் பேசினார். மந்திரியின் பதில் எம்.பி.க்குப் போய்விட்டது, கோரிக்கை ஏற்கப்படவில்லை, தம்பி தங்களோடு இப்போதே வர வேண்டும் என்றார். முடிவு தன் கையில் இல்லை, மேலிடத்தில் எடுத்தது என்றும் சொன்னார். அந்த வசனத்தை நான் வகுப்பில் எத்தனையோ விதமாக வாசித்திருக்கிறேன்.

என் கணவருக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. "என்ர வீட்டில கை நனைச்சிட்டு, என்ர தம்பியையே கூட்டிக்கொண்டு போறியோ? நீயெல்லாம் மனுசனே?" என்று கத்தினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட்டீர்கள் என்கிறார்," என்றேன்.

"ஆமாம். மிக நன்றி. உண்மையாகவே மிகவும் நன்றாக இருந்தது," என்றார் அவர்.

கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் இத்தனை வருஷம் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

தம்பி உடுப்புகளைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். சாமிப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு கோட்டைக் கழற்றி, வாசல் கொளுவியில் மாட்டினான்.

"போட்டுக்கொண்டு போம் தம்பி, வெளியில குளிர்," என்றேன்.

"அண்ணைக்கு வேணும். அங்க குளிரில்லைத்தானே அண்ணி," என்றான். அந்தத் தொனியில் சிரிப்புக்கூட இருந்தது.

அவர்கள் போன பிறகு கணவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆள் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று கதவைத் திறக்காமல் விட்டிருந்தால், கோர்ட்டுக்குப் போக ஒரு சின்ன அவகாசம் கிடைத்திருக்கும் என்று சட்டத்தரணி பிறகு எங்களிடம் சொன்னார். கணவர் அதைக் கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வாசலுக்கு வந்தவனை வெளியே நிற்க வைக்கும் வித்தையை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. மிச்ச வடை முழுவதும் அப்படியே இருந்தது. அந்த வருஷம் படைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தம்பியை விமானத்தில் ஏற்றினார்கள். எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து, மந்திரியின் பதிலை இணைத்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். எங்கள் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அதில் இருந்தது.

புதன்கிழமை நான் வகுப்புக்குப் போனேன். வேறு எங்கே போய் உட்காருவது? ஆசிரியர் கடைசிக் கடிதத்தை நீட்டினார். அது மார்ஷல் எழுதியது. எழும்பி நின்று வாசித்தேன். உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று இருந்தது. பாய் தைக்கிறவரையும் மனைவியையும் வண்டியில் ஏற்றி, தானே கூடப் போய், உள்நாட்டு ஊர் ஒன்றில் விட்டு வந்ததாக எழுதியிருந்தார். பாதை மோசம் என்றிருந்தார். திரும்பும்போது அந்தப் பெண் வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக் கொடுத்ததாகவும், தான் அதை வாங்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியோடு நான் உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தை ஆசிரியரே வாசித்தார். ஜனாதிபதி இதற்கு எழுதிய பதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். பஸ் ஓட்டியவருக்கு அன்று வாசிக்க ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்ததும் அவர்தான் என் கோட்டை எடுத்துப் பிடித்துக் கொடுத்தார். அந்தத் தவணையோடு நான் படிப்பை விட்டுவிட்டேன்.

தம்பியைப் பற்றி நெடு நாள் ஒரு தகவலும் இல்லை. இலங்கையில் போய் இறங்கியதும் அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து போன் எடுத்தான். முதலில் அண்ணனோடு கதைத்தான். கணவர் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு, வாசலில் மாட்டியிருந்த அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அதைப் போடவில்லை, வேறொருவரையும் எடுக்க விடவில்லை.

லைன் இரைந்தது. சுகமா என்றேன். சுகம் என்றான். சாப்பாடு எப்படி என்றேன். பரவாயில்லை என்றான். என்னென்னவோ கேட்க நினைத்தேன். போனில் கேட்கக் கூடிய விஷயங்கள் அல்ல அவை.

"அண்ணி," என்றான். "உங்கட மார்ஷல் கடைசியில என்ன செய்தவர்?"

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"விட்டிட்டார் தம்பி," என்றேன். "அந்த வீட்டில கை நனைச்சவர் எல்லோ."

"நான் அப்பவே நினைச்சனான்," என்றான் தம்பி. "அண்ணை சொன்னது சரிதான் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."